செல்வம் அண்ணை போட்ட லீவு

செல்வம் அண்ணை போய்விட்டார்... காலையில் அவருடைய மகள் போன் பண்ணினாள். "அங்கிள், டாட் இஸ் கோன்."

தொண்ணூறுகளில் நியூசிலாந்தின் ஒக்லாண்ட் ஐஸ் ரிங்குக்குப் போனவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஐஸ் ஹாக்கி மேட்ச் இடைவேளையில் பெரிய மெஷினை ஓட்டி ஐஸைச் சமப்படுத்துவார். நானும் அதே வேலைதான். யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று ரோஸ்டர் போடுவது அவர்.

"யாழ்ப்பாண வெயிலில காய்ஞ்ச நாங்கள், வெள்ளைக்காரனுக்கு ஐஸ் போட்டுக் குடுக்கிறம் பார்!" என்று சிரிப்பார்.

அப்போதுதான் எங்கள் ரிங்கில் நடந்த பழைய ஹாக்கி லீக்குக்குப் போட்டியாக ஒரு புது லீக் கிளம்பியது. ஆட்டக்காரருக்குச் சம்பளம், கலர் லைட், பாட்டு... விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கையே ரிங்க் ஆக்கிவிட்டார்கள். கூடுதல் சம்பளம் தருவதாக என்னையும் கூப்பிட்டார்கள்.

என் மனைவி வசந்தி அப்போது கொழும்பில். அவளுடைய விசாவுக்கு நான் நல்ல வேலை காட்ட வேண்டும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிட்டேன்.

"அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாப் போயிடும், கவனம்" என்றார் அண்ணை.

"நீங்கள் பழசையே கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழிந்து, ஒன்பதாவது கிழமை வேலைக்குப் போனால், லீக் நொடித்துப்போய், கிடங்கு பூட்டிக் கிடந்தது. கரண்டும் இல்லை. கதவுக்குக் கீழால் தண்ணீர் ஓடி வந்தது... உள்ளே ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

வேலை போனால் வசந்தியின் விசாவும் போச்சு. வீடு இருந்த ஏவன்டேல் வரை ட்ரெயினில் அழுதுகொண்டு வந்தேன்.

அடுத்த நாள் பழைய ரிங்குக்குப் போய், தலை குனிந்து நின்றேன். அண்ணை என்னுடைய கையுறையை எடுத்து நீட்டினார். "லீவு முடிஞ்சுதோ?"

சுவரில் ரோஸ்டர். ஒன்பது கிழமையும் என் பெயருக்கு நேரே, அவருடைய கையெழுத்தில், லீவு... லீவு... லீவு.

மனேஜர் வேறு ஆள் எடுக்கப் பார்த்தாராம். "வேண்டாம், அவன் வந்திடுவான்" என்று சொல்லி, என் ஷிஃப்டையும் அண்ணையே செய்திருக்கிறார். அவர் எனக்குச் சொல்லவே இல்லை. கன்டீன்காரி சொல்லித்தான் தெரியும்.

வசந்தி வந்திறங்கிய அன்று மங்கரே ஏர்போர்ட்டுக்கு அவரே தன்னுடைய வானை ஓட்டிக்கொண்டு வந்தார். "குளிரும் பிள்ளை" என்று ரிங்க் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தார். அது இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. இப்போது வசந்தி அதை மடியில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

போயிட்டு வாங்கோ அண்ணை. என்ர ரோஸ்டரில உங்கட பெயரை நான் வெட்டேல்லை. லீவு எண்டுதான் போட்டிருக்கிறன்.