மாடி அறைக்குப் பெயிண்ட்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டைப் போல பக்தியான வீடு கிடையாது என்று சபையில் சொல்வார்கள். இப்போது யாராவது அதைச் சொன்னால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

அன்றைய பிரசங்கம் அந்நியரை உபசரிப்பதைப் பற்றி. என் கணவர் சபைக் கமிட்டியில் இருப்பவர். முதல் வரிசையில் உட்கார்ந்து, தானே எழுதிக் கொடுத்த பிரசங்கம் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரு தம்பதியை அழைத்து வந்தார். கோலார் தங்கவயல்காரர்கள். அந்த அம்மாவுக்குப் புற்றுநோய். மூன்று வாரம் தினமும் ரேடியேஷன். ரயிலில் வந்துபோக உடம்பு தாங்கவில்லை, தங்குவதற்கு ஓர் அறை வேண்டும்.

"எங்க மாடி ரூம் காலியாத்தான் கிடக்கு, ஐயா. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் என் கணவர், நாலு பேர் காதில் விழும்படி. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஜாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுக்க மாட்டோம். அதற்குத்தான் ஊர் விசாரிப்பு இருக்கிறதே. வீட்டுக்கு வந்து ஹாலில் உட்கார்ந்ததும் கணவர் ஆரம்பித்தார்.

"பூர்வீகம் எந்த ஊரு?"

"தங்கவயல்தாங்க, சார்."

"அது சரி, அதுக்கு முன்னாடி?"

"தாத்தா ஆற்காடு பக்கத்துல இருந்து சுரங்க வேலைக்கு வந்தாருங்க."

"ஓ. அங்க ஊர்ல எந்தப் பக்கம் வீடு?"

அந்த மனிதர் என் கணவரை நிமிர்ந்து பார்த்தார். கேள்வி புரிந்துவிட்டது. "காலனிலதாங்க, சார்" என்றார்.

கணவர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். பீங்கான் கோப்பைகளில் ஊற்றியிருந்த டீயை நான் பேப்பர் கப்புகளுக்கு மாற்றினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இருபது வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்திய கை இது, சீ.

டீ ஆறுவதற்குள் கணவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. "அடடா, நாளைக்கு மாடி ரூமுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வர்றாங்களே. வேற எங்கயாச்சும் பாத்துச் சொல்றேன்."

அவர்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். வந்தவர்களை ஜெபம் இல்லாமல் அனுப்புவது எங்களிடம் வழக்கமில்லை. அதையாவது விட்டிருக்கலாம். விடவில்லை. "ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்களேன்" என்றார் இவர், கூசாமல்.

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாதான் முடி கொட்டிய தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"அப்பா, எங்கள வீட்டுக்குள்ள கூப்பிட்ட இந்தக் குடும்பத்த ஆசீர்வதியுங்க. நாளைக்குப் பெயிண்ட் அடிக்க வர்றவங்களுக்கு ஒரு ஆபத்தும் வராமப் பாத்துக்கங்க. அந்த ரூம்ல தங்கப்போறவங்க யாரா இருந்தாலும் நல்ல சுகத்தக் குடுங்கப்பா."

என் கணவர் உரக்க ஆமென் சொன்னார். நானும் சொன்னேன்.