டின்னுக்கு ஒரு ரப்பர் மூடி

கைவேலை எனக்கு வராது என்றுதான் வீட்டில் எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ரவிக்கைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தால் ஊசி துணியைவிட என் விரலில்தான் அதிகம் இறங்கும். இரண்டு முறை குத்தினால் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடுவேன். ரப்பர் மரத்தில் பாலுக்குப் பட்டை வெட்டும்போது மட்டும் கை நிதானமாக இருக்கும், அது வயிற்றுப்பாடு. அப்படிப்பட்டவள் முதன்முதலாகத் தன் கையால் உருப்படியாகச் செய்தது ஒரு மூடி. டின் பாலுக்குப் போடுகிற மூடி.

அவசரகாலம் என்று பேப்பரில் எழுதினார்கள். மலாயாவில் கோலா சாவா பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் அதைக் கம்பிவேலிக் காலம் என்றே சொன்னோம். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்கு யாரும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாது என்று, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயத்து வரிசை வீடுகளைப் பிரித்து, எல்லாரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்துச் சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். வேலைக்குப் போகும்போது கேட்டில் நின்று உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு வெளியே போகாது. மரம் வெட்டி முடிக்கும் வரை வெறும் தண்ணீர்தான். வேலிக்குள் இருந்த கடையில் டின் பால் வாங்கினால், கடைக்காரர் நம் கண் முன்னாலேயே ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டி மேலே இரண்டு ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். ஓட்டை போட்ட டின் சீக்கிரம் கெட்டுப்போகும், காட்டுக்குப் போய்ச் சேராது என்பது கணக்கு.

கணக்குப் போட்டவருக்குக் கைக்குழந்தை இருந்திருக்காது. எனக்கு இருந்தது. மகள் பிறந்த சில வாரத்தில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்து தாய்ப்பால் வற்றிப்போனது. டின் பாலைக் கரைத்துக் கொடுத்தேன். ரேஷன் கார்டுக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்த பால் அது. அந்த வெக்கையில் மறுநாளே புளித்த வாடை வரும். ஓட்டை வழியாக எறும்பு இறங்கி மிதக்கும். கெட்டதைக் கொட்டிவிட்டால் குழந்தைக்கு வேறில்லை. வடிகட்டிக் கொடுத்தேன். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. கை கால் எல்லாம் சூம்பிப்போய், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் பார்த்துவிட்டு, "கெட்ட பால இப்படியே குடுத்துக்கிட்டு இருந்தா பிள்ள தங்காதும்மா," என்றார்.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். அவளுக்கும் கைக்குழந்தை, ஆண் பிள்ளை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். வேலிக்கு முன்பு அவர்கள் சாதிக்காரர்களின் லயம் கால்வாய்க்கு அந்தப் பக்கம், தனியாக இருந்தது. வேலி போட்டபோது வெள்ளைக்காரன் அதையெல்லாம் கேட்டுக்கொண்டா வீடு கொடுத்தான்? வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போய்விட்டான். ஒருநாள் என் மகளின் முனகலைக் கேட்டு அந்த அக்கா வாசலுக்கு வந்தாள்.

"பிள்ளய இப்படிக் குடு தங்கச்சி. எனக்கு ரெண்டு பிள்ளைக்குப் பத்தும்."

உள்ளே இருந்த என் வீட்டுக்காரர் காதில் அது விழுந்தது. எழுந்துகூட வரவில்லை. "வேணாம்னு சொல்லு," என்று என்னிடம்தான் சொன்னார். "நம்ம பிள்ள போயும் போயும் அந்த வீட்டுப் பாலக் குடிக்கணுமா? டின்னு பால் இருக்குல்ல."

அக்கா திரும்பிப் போனாள். எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் கட்டியவரிடம் எதிர்த்துப் பேசிவிட்டு அந்த லயத்தில் எங்கே போய் நிற்பது? கோபம் கைக்கு இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். டின் பால்தான் என்றால், அந்த டின்னைக் கெடாமல் வைத்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

முதலில் மெழுகு. வெக்கையில் இளகி ஓட்டைக்குள்ளேயே இறங்கியது. கோதுமை மாவு பிசைந்து அடைத்தேன், எறும்புக்குக் கூடுதல் விருந்து. குச்சி சீவிச் செருகினேன், பாலில் சிராய் விழுந்தது. அப்புறம்தான் நாள் முழுக்க என் கையில் ஒட்டிக்கொண்டு வருகிற ரப்பர் ஞாபகத்துக்கு வந்தது. மரத்தில் கட்டியிருக்கும் மங்குக் கிண்ணத்தில் கடைசியாகச் சொட்டியதை ஒரு சிரட்டையில் ஊற்றிக்கொண்டு வந்தேன். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கண்டார், கேட்கவில்லை. அவசரப்பட்டு அதை நேராக ஓட்டையின் மேலேயே ஊற்றினேன். உள்ளே ஒழுகி, ஒரு டின் முழுவதும் பாழ். அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மறுபடி செய்தபோது அவசரப்படவில்லை. பீங்கான் தட்டில் மெல்லிசாக ஊற்றி, தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பரப்பினேன். காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு பூச்சு. அடுப்புக்கு மேலே புகையில் வைத்தேன். ஒட்டாமல் இருக்க அரிசி மாவைத் தூவி, ஓரத்திலிருந்து உரித்தேன். தேன் நிறத்தில் வந்தது. வட்டமாக வெட்டி, டின்னின் தலையில் இழுத்துப் போட்டு, கழுத்தில் நூலால் இறுக்கினேன். டின்னைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. தண்ணீர்ச் சட்டிக்குள் அந்த டின்னை வைத்தால் பால் இரண்டு மூன்று நாள் கெடாமல் நின்றது. மகளுக்குப் போக்கு குறைந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிந்தது. அந்த மூடியைத் தடவித் தடவிப் பார்த்தேன், என் கை செய்தது என்று என்னாலேயே நம்ப முடியவில்லை.

அதற்குப் பிறகு கை சும்மா இருக்க மறுத்தது. வேலிக்குள் பொழுது சாய்ந்தால் வெளியே நடமாடக் கூடாது. மற்றவர்கள் வம்பு பேசினார்கள், நான் எதையாவது வெட்டினேன், வளைத்தேன், தட்டினேன். காலி டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு மாவு சல்லடை செய்தேன். சாக்கைப் பிரித்துக் கால்மிதி பின்னினேன். கோணல்மாணலாகத்தான் வந்தது, பரவாயில்லை. குழந்தை வைத்திருக்கும் பெண்கள் மூடி கேட்டு வந்தார்கள். அவர்களுக்கும் செய்து கொடுத்தேன். வீட்டுக்காரருக்கும் உள்ளுக்குள் பெருமை. "பாத்தியா, அடுத்தவ வீட்டு வாசல மிதிக்காமலே ஆயிருச்சுல," என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

ஓட்டை எதற்குப் போடுகிறார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அத்தனை பெண்களில் ஒருத்திக்கும் மூடி போடுவது குற்றமாகும் என்று தோன்றவில்லை. குழந்தைப் பால் கெடாமல் இருந்தால் போதும் என்பதைத் தாண்டி எங்கள் புத்தி போகவில்லை.

ஒருநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் போலீஸ் வண்டி வந்து நின்றது. வேலிக்கு வெளியே லாலான் புல்லுக்குள் ஒரு பால் டின் கிடந்திருக்கிறது. தலையில் ரப்பர் மூடி. யார் கொண்டுபோனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெள்ளைக்கார அதிகாரி அதைத் தூக்கிப் பிடித்து ஏதோ சொன்னார். தோட்டத்து ஆபீஸ் கிராணி தமிழில் சொன்னார்: "இத யாரு செஞ்சது? சொல்லலைன்னா மொத்த லயத்துக்கும் கடை மூடிருவாங்களாம்."

கடை மூடினால் எல்லாப் பிள்ளைகளும் பட்டினி. என் மகளும்தான்.

"நான்தாங்க செஞ்சேன்," என்றேன். "பிள்ள பாலுக்குச் செஞ்சது. காட்டுக்கு இல்லைங்க."

கிராணி அதைச் சொல்ல அந்த அதிகாரி என்னையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். வீடு வீடாகப் புகுந்து எல்லா மூடிகளையும் பிடுங்கிக் களத்திலேயே கொளுத்தினார்கள். கரும்புகையும் நாற்றமும் கண்ணைக் கரித்தன. என்னை வண்டியில் ஏற்றினார்கள். குழந்தை வீட்டுக்காரர் கையில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. மூடியும் இல்லை, நானும் இல்லை. கெட்ட பால் கொடுத்தால் பிள்ளை தங்காது என்று டிரெசர் சொன்னது மட்டுமே சிரம்பான் டவுன் போகும் வரை தலைக்குள் கேட்டது.

லாக்கப்பில் என்னை அடிக்கவில்லை. திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டார்கள், நானும் ஒரே பதிலைச் சொன்னேன். கேள்வி இல்லாத நேரத்தில் எனக்கு என் வீட்டுக்காரர் மேல்தான் ஆத்திரம். எத்தனை நாள் விரலைச் சுட்டுக்கொண்டு, புகையில் இருமிக்கொண்டு அதைச் செய்தேன்! சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தாய் தன் ரவிக்கையை அவிழ்த்திருந்தால் முடிந்துபோகிற காரியம். பிள்ளை செத்தால் அவர் முகத்தில் விழிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

டிரெசர் வந்து குழந்தையின் நிலையைச் சொல்லிப் பேசியதால், ஒரு மாதம் போல வைத்திருந்து விட்டுவிட்டார்கள். தோட்டத்து லாரியில் வந்து இறங்கினேன். என் வீடு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டுப் படியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த அக்காவின் மகன். அது பசியில் கத்திக்கொண்டிருக்க, அவர் தட்டித் தட்டிச் சமாதானம் செய்துகொண்டிருந்தார். உள்ளே அக்கா என் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்னக் கூட்டிப்போன அன்னிக்கே வந்து நின்னாரு," என்றாள் அக்கா. "வாயத் தொறந்து ஒன்னும் கேக்கல. பிள்ளய நீட்டுனாரு, அவ்வளவுதான்."

நான் கையை நீட்டினேன். மகள் என்னைப் பார்த்து அழுதாள். முகத்தைத் திருப்பி அக்காவின் மார்பில் புதைத்துக்கொண்டாள். கால் பருத்திருந்தது, கழுத்தில் மடிப்பு விழுந்திருந்தது. என் பிள்ளை பிழைத்துவிட்டது. ஆனாலும் என்னைத் தெரியாததுபோல் திரும்பிக்கொண்டது எனக்குத் தாங்கவில்லை. "குடிக்கட்டும் அக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து, அந்தப் படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் உள்ளே பார்த்து, "அக்கா, இவளுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க," என்றார்.

அவர் அந்த வீட்டில் யாரையும் மரியாதை கொடுத்துக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அக்கா என் மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் பாதி குடித்தேன். மீதியை அவர் என் கையிலிருந்து வாங்கி, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், செம்பில் வாய் வைத்துக் குடித்தார்.