நத்தார் முதலிடமும் ஒரு ராசா பாட்டும்

யுத்தம் முடிந்த அந்த வருடத்து நத்தாருக்கு நான் கடவுளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். என் தங்கையின் பாட்டு முதலாவதாக வரக்கூடாது.

அப்போது ஸ்காபரோவில் ஒரு பெரிய உடுப்புக் கடையில் காசு வாங்குமிடத்தில் நிற்கிற வேலை எனக்கு. கார்த்திகை பாதியிலேயே கூரையில் இருக்கிற ஸ்பீக்கரில் கிறிஸ்மஸுக்கு என்று நத்தார் பாட்டுகளைத் தொடங்கிவிடுவார்கள். ஏதாவது ஒரு வருடத்தில் விற்பனையில் முதலாவதாக வந்த பாட்டுகள் மட்டும்தான், அதுவும் திரும்பத் திரும்ப. அவற்றில் பாதியில் இயேசுவே இல்லை. பனி கொட்டும், மணி அடிக்கும், யாரோ ஒருத்தி யாரோ ஒருவனுக்காக ஜன்னலடியில் காத்திருப்பாள். கூட வேலை செய்பவர்கள் காதைப் பொத்துவார்கள். எனக்கோ அந்தப் பாட்டுகள் என்றால் உயிர். காசை எண்ணிக்கொண்டே ஆராய்ச்சி செய்வேன். மணிச்சத்தம் வேண்டும், கை தட்ட இடம் வேண்டும், ஒருதரம் கேட்டவுடன் வாய் முணுமுணுக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் அது நத்தார் பாட்டு என்று எனக்கு நானே வரைவிலக்கணம் எழுதி வைத்திருந்தேன்.

அந்த வரைவிலக்கணத்தை வைத்துத்தான் என் பாட்டைச் செய்தேன். ஆடவைக்கிற பைலா அடி, கீபோட்டில் மணி, வரிக்கு வரி நத்தார். தெரிந்தவர் ஒருவரின் பேஸ்மென்றில் பதிவு செய்தோம். எங்கள் தமிழ் வானொலி ஒன்று நத்தார் வாரத்தில் 'முதல் பத்து' நடத்தும். இங்கே கனடாவில் எங்கள் ஆட்கள் பாடிய பாட்டுகளுக்கு மட்டும்தான் அதில் இடம். நேயர்கள் போன் எடுத்துத் தங்களுக்குப் பிடித்த பாட்டைச் சொல்வார்கள், யார் யாருக்காகக் கேட்கிறார்கள் என்றும் சொல்வார்கள். கூடப் போன் வந்த பாட்டு முதலாவது. உண்மையைச் சொன்னால், யாருக்குச் சொந்தக்காரர் கூடவோ அவருடைய பாட்டுத்தான் முதலாவது. மோர்னிங்சைட்டில் ஒரு மாடிக் கட்டடத்தில் பாதிப்பேர் என் கணவரின் ஆட்கள். இரண்டு வருடம் தொடர்ந்து நான்தான் முதலாவது.

தங்கைக்கு அதில் ஒரு பொறாமையும் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவளுக்கு என்ன குறை? விட்பியில் புது வீடு, சமையலறை நடுவில் சாப்பாட்டு மேசை அளவுக்குக் கருங்கல் பலகை, வாசலில் இரண்டு கார். எங்களுக்கு வெக்ஸ்போர்ட்டில் இரண்டு அறை அப்பாட்மென்ற், அதில் ஒரு அறை அம்மாவுக்கு. அம்மாவைப் பார்ப்பது நான், மருந்து வாங்குவது நான், டொக்டரிடம் கூட்டிப்போவது நான். அம்மா வாய் திறந்தால் "இளையவளின்ர வீட்டில குளிரே தெரியாது" என்பார். குரலும் அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறது. மாதா கோயிலில் அவள் பாடத் தொடங்கினால் பிள்ளைகள் அழுகையை நிறுத்தும். நான் பாடினால் பிள்ளைகள் எழும்பி ஆடும். ஆடவைப்பதும் ஒரு திறமைதான் என்று யாராவது ஒருவர் சொல்வார் என்று எவ்வளவு காலம் காத்திருந்தேன்.

எங்களுக்கு ஒரு தம்பி. கடைக்குட்டி. அவன் மட்டும் வன்னியில் நின்றுவிட்டான். அந்த வருடம் தைப்பொங்கலுக்குப் பிறகு அவனிடமிருந்து போன் வரவில்லை. நாங்களும் எல்லோரையும் போல டவுன்டவுன் வீதிகளில் குளிரில் நின்றோம், யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தினோம், தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தோம். வைகாசியில் எல்லாம் முடிந்தது. "அவன் எங்கயோ முகாமில இருக்கிறான். அங்க போன் இருக்காது" என்று அம்மா சொன்னார். நானும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு "ஓமம்மா, அப்பிடித்தான் இருக்கும்" என்றோம். அம்மா கிழமைக்கு ஒருதரம் ஊருக்குக் கதைக்கிற போன் காட் ஒன்று வாங்கி வரச் சொல்வார். முகாமிலிருந்து நம்பர் வந்தால் உடனே எடுக்கவேண்டுமாம். நானும் வாங்கிக் கொடுப்பேன்.

மார்கழி வந்ததும் வானொலிக்குப் பொறுப்பான அண்ணை பாட்டுக்காரர் எல்லோரையும் நிலையத்துக்குக் கூப்பிட்டார். "இந்த வருசம் கொண்டாட்டம் இல்லை. ஆடு, பாடு, மகிழ் எண்டு வாற பாட்டு ஒண்டும் போடமாட்டம். அமைதியான பாட்டு மட்டும்தான்" என்றார். என் பாட்டின் முதல் வரியே 'ஆடிப் பாடிக் கொண்டாடுவோம்'. அண்ணை என் பக்கம் பார்க்காமலே பட்டியலில் இருந்து என்னை வெட்டினார். அது சரிதான் என்று எனக்குத் தெரியும். நானே கூட அந்த வருடம் அந்தப் பாட்டை ஒருதரமும் முணுமுணுக்கவில்லை. ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ காந்தியது.

காந்தல் எரிச்சலாக மாறியது அதற்குப் பிறகுதான். தங்கை ஒரு புதுப் பாட்டுக் கொண்டுவந்திருந்தாள். அண்ணை போட்டுக் காட்டினார். முதல் அடியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அது என் மெட்டு. ஊரில் அம்மா மீன் விற்கச் சந்தைக்குப் போனபின், தம்பியைச் சீலை ஏணைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டு நான் வாய்க்கு வந்தபடி இழுத்த மெட்டு. 'ராசா, நித்திரை கொள்ளு ராசா.' அதைத்தான் அவள் தேன் தடவிய குரலில் பாடி வைத்திருந்தாள். அதே ராசா. ஒரு இடத்தில் கூட நத்தார் இல்லை, பாலன் இல்லை, மாட்டுத்தொழுவம் இல்லை.

"உது எப்பிடி அண்ணை நத்தார் பாட்டு?" என்று கேட்டேன். "தையிலயும் படிக்கலாம், ஆடியிலயும் படிக்கலாம். எந்த வீட்டு ஏணையிலயும் படிக்கலாம்."

தங்கை மெதுவாகச் சொன்னாள். "ராசா எண்டா இயேசு ராசாதானே அக்கா."

"எங்கட வீட்டில எந்த ராசாவுக்குப் படிச்சதெண்டு எனக்குத் தெரியாதோ?"

அண்ணை கையைத் தூக்கினார். "நத்தார் வாரத்தில சனம் கேக்கிற பாட்டு நத்தார் பாட்டு. கூடக் கேட்டால் அது முதலாவது பாட்டு. அவ்வளவுதான்." இரண்டு வருடமாக 'நத்தார் என்ற சொல் இல்லாவிட்டால் எடுக்கமாட்டேன்' என்று நின்ற மனிதர். ஒரு தாலாட்டுக்காக வரைவிலக்கணத்தையே மாற்றிவிட்டார்.

வெளியே கார்த் தரிப்பிடத்தில் தங்கை என் கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்களும் சேர்ந்து படியுங்கோவன். திரும்பப் பதியலாம்."

"முன்னால உன்ர பேர் கொட்டை எழுத்தில வரும். நான் பின்னால ம் கொட்டவோ?" என்று கையை உதறிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அவள் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

அதற்கு மேல் அண்ணை இன்னொன்று செய்தார். 'முதல் பத்து' நடக்கிற சனிக்கிழமை நேயர்களின் போனுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. "உங்களுக்குத்தான் இந்த முறை போட்டியில பங்கில்லையே, நீங்கள் வந்து எடுங்கோவன்" என்றார். புண்ணில் புளி விட்ட மாதிரித்தான். இல்லை என்று சொன்னால் பொறாமை என்பார்கள். ஓம் என்றேன். வீட்டில் அம்மாவிடம் கடையில் கூடுதல் வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மோர்னிங்சைட் ஆட்கள் போன் எடுத்து என் குரலைக் கண்டுபிடித்தால் ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டுவார்கள். அது எனக்குத் தேவையில்லை. ஆகவே குரலை மாற்றினேன். அம்மா நாள் முழுக்கப் பார்க்கிற இந்தியத் தொலைக்காட்சி நாடகங்கள் அன்றைக்குக் கைகொடுத்தன. "வணக்கங்க, சொல்லுங்க, எந்தப் பாட்டு வேணும் உங்களுக்கு?" என்று இழுத்தேன். ஒருவருக்கும் சந்தேகமில்லை. கணவரின் பெரியம்மாவே "பிள்ளை மெட்ராஸோ?" என்று கேட்டார்.

மற்ற வருடங்களில் போன் எடுக்கிற நேயர்கள் மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். லண்டனில் வசிக்கும் சித்தி குடும்பத்துக்காக, பாரிசில் வசிக்கும் மச்சானுக்காக, வன்னியில் இருக்கும் அண்ணாவுக்காக. அந்த வருடம் லண்டனும் பாரிசும் வந்தன. மூன்றாவதுக்கு வரும்போது குரல் நின்றுவிடும். ஒருவர் "அது இருக்கட்டும், நீங்க பாட்டப் போடுங்க" என்று வைத்துவிட்டார். அவர் முஸ்லிம். "எங்களுக்கு நத்தார் இல்ல, கேக்கலாம்தானே?" என்று முதலிலேயே அனுமதி கேட்டவர். எல்லோருக்கும் ஒரே பாட்டு. ராசா பாட்டு. கோயில் பாடகர் குழுவின் பாட்டு ஒன்று ஓரளவுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. "அந்த கோயில் பாட்டு கூட ரொம்ப நல்லா இருக்குங்க" என்று நான் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும் பார்த்தேன். ஒருவரும் மசியவில்லை.

பின்னேரம் போல ஒரு அழைப்பு.

"ஹலோ, றேடியோவோ?"

அம்மா. பின்னால் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம். போனை வைத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அம்மா யாருடைய பாட்டைக் கேட்கப் போகிறார் என்று தெரியாமல் வைக்க எனக்கு மனம் வரவில்லை. போன வருடமும் அதற்கு முந்திய வருடமும் என் பாட்டுக்கு அம்மா போன் எடுத்தாரா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

"ஆமாங்க, சொல்லுங்கம்மா."

"எனக்கு அந்த ராசா பாட்டு வேணும் பிள்ளை. என்ர இளைய மகள்தான் படிக்கிறவள்."

போச்சு என்று நினைத்தேன்.

"ஆனா அது மூத்தவளின்ர பாட்டு" என்றார் அம்மா. "நான் சந்தைக்குப் போக, அவள்தான் பெடியனை ஏணையில போட்டு ஆட்டினவள். தானே கட்டிப் படிப்பாள். நான் வாசல் படலையடியில நிண்டு கேட்டுப்போட்டுத்தான் உள்ள போவன். அவளுக்கு இது தெரியாது. சொன்னால் தலையில ஏறிவிடுவாள்."

என் வாயில் வந்தது பழக்கத்தில் வந்த கேள்விதான். காலையிலிருந்து எல்லோரிடமும் கேட்ட அதே கேள்வி. "யாருக்காகக் கேக்கறீங்கம்மா?"

"மகனுக்கு."

"அவர் எங்க இருக்காரும்மா?"

கேட்டபிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. பின்னால் தொலைக்காட்சி நாடகத்தில் யாரோ அழுகிற சத்தம் கேட்டது.

"அவன் இல்லைப் பிள்ளை" என்றார் அம்மா. "வைகாசியிலேயே எனக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதோ? பெட்டையளுக்குச் சொல்லேல்லை. அவன் முகாமில இருக்கிறான் எண்டு நம்பிக்கொண்டு திரியுதுகள், பாவங்கள். மூத்தவள் கிழமைக்குக் கிழமை போன் காட் வாங்கிக்கொண்டு வாறாள். அவளின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?" மூக்கை உறிஞ்சினார். "நீங்கள் வன்னியில இருக்கிற மகனுக்கு எண்டே போடுங்கோ. வீட்டில கேட்டாலும் கேப்பினம்."

"சரிங்கம்மா" என்றேன். இந்தியத் தமிழில்தான் சொன்னேன். என் தமிழில் சொல்லியிருந்தால் அந்த இரண்டு சொல்லையும் முடித்திருக்கமாட்டேன்.

துண்டில் எழுதி அண்ணையிடம் கொடுத்தேன். 'வெக்ஸ்போர்ட்டில் வசிக்கும் தாயார் ஒருவர், வன்னியில் இருக்கும் மகனுக்காக' என்று அண்ணை வாசித்தார். பாட்டுப் போனது. தங்கையின் குரல் அந்தச் சின்ன அறை முழுக்க நிறைந்தது. எவ்வளவு நன்றாகப் பாடியிருக்கிறாள், பாவி. அன்றைக்கு அதுதான் முதலாவதாக வந்தது. இரண்டாவதாக வந்த பாட்டு அதைக் கிட்டவும் நெருங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கதிரையில் உட்கார்ந்தபடி கம்பளி ஜம்பரை மடித்துக்கொண்டிருந்தார்.

"இளையவளின்ர பாட்டு முதலாவது" என்றார்.

"ஓம், பஸ்ஸில ஆரோ சொல்லிச்சினம்."

"நானும் போன் எடுத்தனான். ஒரு இந்தியப் பிள்ளை கதைச்சுது. என்ன தன்மையான பிள்ளை! உன்னைமாதிரிச் சுள்ளெண்டு விழேல்லை. சொன்னதை எல்லாம் பொறுமையாக் கேட்டுது."

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டேன். "அப்பிடி என்னம்மா சொன்னனீங்கள்?"

அம்மா ஜம்பரின் கைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மடித்தார். "என்னத்தைச் சொல்லுறது? முகாமில இருக்கிற தம்பிக்கு எண்டு பாட்டுக் கேட்டனான். நாளைக்கு வரேக்க ஒரு போன் காட் வாங்கிக்கொண்டு வா."

"ஓமம்மா" என்றேன்.

தங்கையின் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன், காரைப் பார்த்து, குரலைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அன்று இரவு சோறு போடும்போது அதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அந்த இந்தியப் பிள்ளை மேல்தான் எனக்கு வயிறு எரிந்தது. படலையடியில் நின்று பாட்டுக் கேட்டதையும் தம்பி இல்லை என்பதையும் அம்மா அவளுக்குத்தான் சொன்னார்.