வெயிலுக்குக் காத்திருந்த தில்லை

கற்பிட்டியில், கடல்நீர் தேங்கும் களப்போரம் தில்லை மரங்கள் இலை உதிர்க்குமுன் சிவந்து நிற்கின்றன. மழை தூறுகிறது. வெளிநாட்டு இலையுதிர்காலத்தை அடுத்த வருஷம் காட்டுவேன் என்று மனைவியிடம் இருபது வருடம் கதைத்தேன். இப்போது அவளால் நடக்க முடியாது. இந்தச் சிவப்பை ஒரு படமாகவாவது கொண்டுபோக வந்திருக்கிறேன்.

வலையிலிருந்து நண்டு பிரிக்கும் மீனவர் கேட்கிறார்: "என்ன சேர், ஒரு மணித்தியாலமா கமராவுக்குக் குடை பிடிக்கிறீங்க?"

"வெயில் வரட்டும், நானா," என்கிறேன் அண்ணன் முறை வைத்து. "படம்பிடிக்கிற புத்தகத்தில அப்படித்தான் போட்டிருக்கு."

"வெயிலுக்கு இது வெளுத்துப் போகும். நனைஞ்சு இரிக்கிற நேரந்தான் நெறம். புத்தகம் எழுதினவர் இங்க வந்து பார்த்தவரா?"

நிமிர்ந்து பார்க்கிறேன், மனிதர் சொல்வது உண்மைதான். கமராவின் உறையைக் கழற்றுவதற்குள் பெருங்காற்று ஒன்று வந்து சிவப்பையெல்லாம் களப்பில் கொட்டிவிடுகிறது. பின்னாலேயே வெயிலும் வருகிறது.

மனைவி தொலைபேசியில், "எடுத்தாச்சா?" என்கிறாள்.

"அடுத்த வருஷம்" என்கிறேன், பழக்கத்தில்.