கவ்வாத்து மலை துளிர்த்த பிறகு

அட்டனிலிருந்து அக்கரப்பத்தனைக்கு வரும் பஸ்ஸில்தான் எனக்கு அது பிடிபட்டது. ஏ.எல். பரீட்சையில் பயாலஜி எழுதிவிட்டு, அட்டனில் ஒரு டியூஷன் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் போனில் எதையாவது தேடிக்கொண்டே வருவேன். பல மாதங்களாகத் தேடியது ஒன்றைத்தான். அக்காவின் மகள் ஏன் இப்படி இருக்கிறாள்? தலை சிறியது, எடை ஏறவில்லை, ஒன்றரை வயதாகியும் உட்காரவில்லை. அன்று யாரோ ஒரு வெளிநாட்டுத் தாய் போட்டிருந்த வீடியோவைத் தட்டினேன். இயர்போன் வயர் பழுது. சத்தம் வெளியே வந்துவிட்டது. மெல்லிய, உச்சத்தில் நடுங்குகிற அழுகை.

பின் சீட்டில் மரக்கறி மூட்டையோடு இருந்தவர் முன்னால் குனிந்து, “தம்பி, பைக்குள்ள பூனக்குட்டியா கொண்டு போறீங்க?” என்றார்.

அது எங்கள் வீட்டு அழுகை. எந்தத் தேசமென்றே தெரியாத ஒரு பிள்ளை எங்கள் பிள்ளையின் குரலில் அழுதுகொண்டிருந்தது. இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. திரும்பி நடந்து வந்தபோது சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதினால் தப்பாகப் படலாம். ஆனால் அப்படித்தான் இருந்தேன். அவளுடைய நோய்க்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

ஒரே கூரையின் கீழ் வரிசை அறைகளாக இருக்கும் எங்கள் தோட்டத்து லயத்தில் அந்த அழுகைக்கு ஏற்கனவே ஒரு காரணம் இருந்தது. அக்கா முழுகாமல் இருந்தபோது அடுப்படியில் நுழைந்த பூனையை விறகால் அடித்தாளாம். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா பார்த்தாராம். நான் ஓடிவந்து, ஐந்தாவது குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாததால் இந்த நோய் வருகிறது, தொண்டையின் அமைப்பு மாறுவதால் குரல் இப்படி ஆகிறது, அதனால் பூனையின் அழுகை என்றே வெளிநாட்டில் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

“பாத்தியா. டாக்டருங்களே பூனன்னுதானே பேரு வச்சிருக்காங்க. நான் சொன்னப்ப சிரிச்சீங்க.”

அக்கா எழுந்து உள்ளே போனாள்.

கண்டிக்குப் போனோம். இரத்தம் எடுத்தார்கள். நீண்ட நாட்களுக்குப் பிறகு முடிவு வந்தது. டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார். குரோமோசோம்கள் சோடி சோடியாக, சின்னப் புழுக்களைப் போல வரிசையில் நின்றன. அவர் விரலை வைப்பதற்கு முன்பே ஐந்தாவது சோடியில் ஒன்று மொட்டையாக இருப்பதை நான் காட்டினேன். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்து, சிங்களத்தில், நல்லாப் படிக்கிற பிள்ளை என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. பக்கத்தில் அக்கா பிள்ளையின் இரண்டு பாதங்களையும் ஒரே கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். யாருடைய தப்பும் இல்லை. கரு உருவாகும்போதே அந்தத் துண்டு போய்விட்டது. மருந்து கிடையாது. நடக்க வருடக்கணக்காகும். பேச்சு வருமா என்று சொல்ல முடியாது. வந்தாலும் சில சொற்கள்தான்.

திரும்பி வரும் ரயிலில் பிள்ளையின் அப்பாவான மச்சான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்குத் தறித்துவிடுவார்கள். வெறும் குச்சியாக நிற்கும் மலையைப் பார்த்தால் செத்துப்போனது போலிருக்கும். சில மாதங்களில் துளிர்த்துவிடும். ரயில் வட்டவளையைத் தாண்டும்போது அவர் கேட்டார்.

“துண்டு போயிருச்சின்னா, அந்த எடத்துல மறுபடி வராதா மாப்ள?”

“டாக்டர் அப்படிச் சொல்லல மச்சான்.”

“வராதுன்னும் சொல்லலயே. வேரு இருக்குல்ல. புள்ள உசுரோட தானே இருக்கு?”

அக்கா அப்போதுதான் அன்று முதல்முறையாக நிமிர்ந்தாள்.

அந்த வாரம் மச்சான் வெட்டத் தொடங்கியிருந்த மலை எங்கள் லயத்துக்கு மேலே இருக்கிறது. அக்கா அதைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் பிஸ்கட் அட்டையில் படம் வரைந்து காட்டினேன். உடம்பில் எந்த இடத்தில் எடுத்துப் பார்த்தாலும் அந்தத் துண்டு இல்லை, துளிர்ப்பதற்கு மிச்சமே இல்லை, இது வெட்டியதல்ல, விதையிலேயே இல்லாதது. இருவரும் தலையாட்டினார்கள். மச்சான், “நல்லா வரைஞ்சிருக்கீங்க” என்றார். சில வாரங்கள் கழிந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மலைக்கு ஏறினார். குச்சியில் சிவப்பாக முளை தெரிகிறதாம். அக்கா இரவில் பிள்ளையின் வாயைப் பார்த்தபடி, “அம்மா சொல்லு. ம்மா” என்பாள். பிள்ளை அவள் நெற்றிப் பொட்டை விரலால் குத்திச் சிரிக்கும்.

மலை துளிர்த்தது. பச்சை மூடியது. பெண்கள் மறுபடி அங்கே கொழுந்தெடுக்கப் போனார்கள். அக்காவும் போனாள். அன்று மாலை வேலை முடிந்து பிள்ளை மடுவத்துக்குப் போய், வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடமிருந்து மகளை வாங்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு இரண்டரை வயது. சுவரில் சாய்த்தால் உட்காரும். அக்கா பிள்ளையைப் பாயில் விட்டுவிட்டு, வேலைக்குக் கட்டிய படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலேயே வாசலில் நின்றாள்.

“அந்த மலையில கொழுந்து எடுத்தோம்டா இன்னைக்கு.”

நான் பிள்ளையைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தேன்.

“நல்ல கொழுந்து” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பிள்ளையிடம் அம்மா சொல்லு என்று சொன்னதை நான் கேட்கவில்லை. மச்சானும் பிள்ளையை மலைக்குத் தூக்கிப்போவதை விட்டுவிட்டார். நான் பல மாதங்களாகப் புரியவைக்க முயன்றதை அந்த மலை புரியவைத்துவிட்டது. வீடு அமைதியாகிவிட்டது. பெரியம்மாகூடப் பூனைப் பேச்சை எடுப்பதில்லை. எனக்கு இந்த அமைதிதான் தாங்கவில்லை. துளிர் வரும் என்று நம்பிய நாட்களில் அவர்கள் பிள்ளையோடு பேசிக்கொண்டாவது இருந்தார்கள்.

போன மாதம் நுவரெலியா கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒரு விஷயம் சொன்னார். இந்தப் பிள்ளைகள் பேசுவதைவிட அதிகம் புரிந்துகொள்வார்கள். வாயில் வராதது சிலருக்குக் கையில் வரும். எல்லாருக்கும் வராது. அதையும் அவரே சொல்லிவிட்டார். வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு அந்தப் பொட்டு ஞாபகத்துக்கு வந்தது. நெற்றியைத் தொட்டால் அம்மா. சைகை ஏற்கனவே பாதி இருக்கிறது.

அக்காவிடம் சொன்னேன். “உன் படமெல்லாம் போதும்டா” என்றாள். பிறகு, “எத்தன நாளைக்கு?” என்றாள். தெரியாது என்றேன். வராமலே போகலாம் என்றும் சொன்னேன். இந்த முறை அதைத்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும். அவள் பிள்ளையின் சட்டையை மடித்துக்கொண்டே, “சரி, மடுவத்துல கேட்டுப் பாரு” என்றாள்.

ஆயாவிடம் கேட்டேன். பகல் சாப்பாட்டுக்கு அக்கா வரும்போதும் மாலையில் வரும்போதும், அவள் வாசலுக்கு வருவதற்கு முன், ஆயா பிள்ளைக்கு முன்னால் தன் நெற்றியைத் தொட்டு ‘அம்மா’ என்று சொல்லவேண்டும். ஒவ்வொரு நாளும்.

“எப்பவும் நெத்தியில கைய வச்சிக்கிட்டு இருந்தா எனக்குத் தலவலின்னு டாக்டரய்யாவ கூப்புட்டுருவாங்க தம்பி” என்றார் ஆயா. பிறகு, “எந்த வெரலு?” என்று கேட்டார்.

ஆள்காட்டி விரல் என்று காட்டினேன். திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டு முடிந்த பிறகு அக்கா மகளை மடுவத்தில் விடும்போது நானும் கூடப் போகிறேன். தன் நெற்றியைத் தொட்டு ‘அம்மா’ என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா மலைக்கு ஏறவேண்டும்.