பாமாயில் வரியும் தங்கை கல்யாண முறுக்கும்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து காரைக்குடி போனேன். ஊர் பார்க்க அல்ல, முறுக்கு எடுக்க. ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க ஐந்நூறு முறுக்கு வேண்டுமென்று, அங்கே செக்காலை என்னும் பகுதியில் பலகாரம் சுட்டு விற்கும் ஸ்டெல்லா அக்காவிடம் சொல்லியிருந்தோம்.

காலை ஏழரை பஸ், டிக்கெட் பதினெட்டு ரூபாய். திருப்பத்தூர் வரை பேப்பர் படித்தபடி ஏக குஷியில் இருந்தேன். வெளிநாட்டோடு வர்த்தகத் தகராறு, பாமாயிலுக்கு இறக்குமதி வரி ஏறலாம் என்று பேச்சு. உள்ளூர் எண்ணெய் ஆலைப் பங்குகளெல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன. என்னிடமும் கொஞ்சம் இருந்தது.

பத்தரைக்கு இறங்கி, ஆட்டோவுக்குப் பதினைந்து ரூபாய் அழுது செக்காலை போனால், அங்கே அடுப்பே பற்றவைக்கவில்லை. மாவு தயார். வேலைக்கு வந்த நாலு பெண்களும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

“உக்காருங்க தம்பி. பாமாயில் வெலை எறங்கட்டும்” என்றார் அக்கா.

“நாளன்னைக்குக் கல்யாணம்க்கா!”

“தெரியும். ரெண்டே நாள்ல டின்னுக்கு என்னா ஏத்தம் ஏத்திட்டாக! இந்த வெலைக்கு வாங்கிச் சுட்டா இவுகளுக்குக் கூலி எங்குட்டுக் குடுக்க?”

எண்ணெய்க்கு ஆகிறதைக் கூடப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். பிடித்துக்கொண்டார். “வெத்தலை பாக்கு மாத்தி வெலை பேசியாச்சு. மேக்கொண்டு ஒத்த ரூபா வாங்க மாட்டேன். என்னைய என்னன்னு நெனச்சீக?”

முறுக்கு இல்லாமல் போய் நின்றால், அந்த வீட்டில் காலமெல்லாம் பேச்சு வாங்கப்போவது தங்கைதான்.

எதிர்த்தாற்போல இருந்த எண்ணெய்க் கடைக்கு ஓடினேன். “பழைய வரியில வந்த சரக்குதானே அண்ணே, ஏன் வெலையை ஏத்துனீங்க?”

கடைக்காரர் கோபப்படவில்லை. “இதைப் பழைய வெலைக்கு வித்துப்புட்டு, வரி ஏறுன பெறகு புதுச் சரக்கை எதை வச்சு வாங்க? நீங்களே சொல்லுங்க.”

வரி இன்னும் ஏறவே இல்லை, ஆனால் விலைவாசி அதற்குள் ஏறிவிட்டது. காலையில் என் பங்கைத் தூக்கிய அதே பேச்சுதான் இங்கே டின் விலையையும் தூக்கியிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

மத்தியானம் இரண்டு மணி வாக்கில் கடைக்கு ஒரு போன் வந்தது. வரி ஏறவில்லையாம். பதுக்கி வைத்திருந்த மொத்த வியாபாரிகள் அடித்துப் பிடித்து விற்கிறார்களாம். கடைக்காரர் வாசலில் நின்று கத்தினார்: “ஸ்டெல்லா, பழைய வெலைக்கே தாரேன், ஆளை அனுப்புத்தா!”

என் பங்கு விழுந்திருக்கும். விழட்டும் சனியன்! நிம்மதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா முதல் ஈட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார். “கடிச்சுப் பாருங்க. காலையில இருந்து மூஞ்சி செத்துப்போயி இருந்தீகளே.” நாக்கு சுட்டது, அப்படியும் இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றேன்.

கல்யாணத்தன்று சம்பந்தியம்மா ஒரு முறுக்கை ஒடித்துப் பார்த்து, “நல்ல மொறுமொறுப்பு” என்றார். தங்கை முகத்தைப் பார்க்க வேண்டுமே!

காரைக்குடியில் பலகாரம் சொல்லப் போகிறவர்களுக்கு ஒன்று. விலை பேசும் அன்றே எண்ணெய் டின்னையும் வாங்கி அவர்கள் வீட்டில் இறக்கிவிடுங்கள். டில்லி எந்த நாட்டோடு சண்டை போட்டாலும், நீங்கள் நிம்மதியாகக் கல்யாண வேலையைப் பார்க்கலாம்.