இன்னும் கொஞ்சம் அந்தாண்ட

சைடுபோர்டின் மேலிருந்த பித்தளை மெழுகுதிரித் தண்டு இரண்டையும் ஒரே பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, ஜெரால்டு வாசற்படி வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து போய் நின்று பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். திரும்ப வந்து, சுவரோரம் மறைவாகப் போயிருந்த மேசைவிளக்கின் ஒயரை இழுத்து முன்பக்கம் தொங்கவிட்டார். மறுபடியும் வாசற்படி. இப்போது திருப்தி. பார்த்துப் பார்த்து அடுக்கிய அலங்காரம் வேண்டிய அளவுக்குக் கெட்டுவிட்டது. இனி தோஹாவுக்குப் போன் பண்ணலாம்.

மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிற ரோட்டில், மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஜெரால்டு என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். வீட்டின் முன்பாதி பட்டறை, பின்பாதி குடித்தனம். பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் இறைக்கிற மோட்டார் எதுவும் நிறைய நாள் தாங்குவதில்லை. பொங்கல் கழிந்து உப்பு வேலை தொடங்குகிற சமயத்தில் பட்டறை வாசலில் செத்த மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கும். "உப்பு திங்கிறது செம்பை, நான் திங்கிறது சோறு" என்பார். மாதா கோயிலுக்குப் போகும்போதுகூட அவர் சட்டையில் வார்னிஷ் வாசனை வரும். பக்கத்தில் உட்காருகிறவர்கள் முதலில் மூக்கைத் தேய்ப்பார்கள், அப்புறம் பழகிக்கொள்வார்கள்.

கூடத்தில் சுவரோடு ஒட்டிக் கிடக்கும் அந்த நீள அலமாரி, சைடுபோர்டு, அவருடைய ஆசை அல்ல, மனைவி பிரிசில்லாவின் ஆசை. மகள் அனுஷியாவின் கல்யாணம் முடிந்த கையோடு, இடையஞ்சாவடிப் பக்கம் பழைய மரச்சாமான் விற்கிற கடையில் அதைப் பார்த்து மயங்கிவிட்டாள். நீளமான தேக்கு, நான்கு கதவு, குட்டையான கடைசல் கால்கள். பாண்டிச்சேரியில் ஏதோ பெரிய வீட்டிலிருந்து வந்ததாம். கடைக்காரர் அதைப் பிரெஞ்சில் 'புஃபே' என்றார். வண்டி வைத்துக் கொண்டுவந்து இறக்க உதவிய உப்பளத்துச் சேட்டு, "இன்னாம்மா, சவப்பெட்டி மாரி நீட்டா வாங்கியாந்துட்ட" என்றார். பிரிசில்லா அவருக்கு அன்றைக்குக் காபி கொடுக்கவில்லை.

அதை அலங்கரிக்க அவளுக்கென்று சட்டதிட்டங்கள் இருந்தன. உயரமானது பின்னால், குள்ளமானது முன்னால். ஜோடியாக இருந்தால் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. பீங்கான் தட்டை அடுக்கி வைக்கக் கூடாது, சுவரில் சாய்த்து நிறுத்த வேண்டும். சாமானுக்கும் சாமானுக்கும் நடுவில் காலி இடம் விட வேண்டும். "எல்லாத்தையும் நெருக்கி வெச்சா எதுவுமே கண்ணுக்குத் தெரியாதுங்க" என்பாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்கு ஊதாத் துணி, மாதாவின் மே மாசத்துக்கு நீலம், மற்ற நாளுக்கு அவளே பின்னிய வெள்ளை லேஸ் விரிப்பு. இதிலெல்லாம் ஜெரால்டு தலையிட்டதே இல்லை. அதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நடப்பதோடு சரி.

கல்யாணமாகிக் கத்தாரில் தோஹாவுக்குப் போயிருந்த அனுஷியாவின் முதல் பிரசவத்துக்கு பிரிசில்லா அங்கே போனாள். குழந்தைக்கு முகம் பார்க்கத் தெரிந்ததும் வந்துவிடுவதாகத்தான் பேச்சு. அப்புறம் அனுஷியா வேலைக்குத் திரும்பினாள், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அப்புறம் இரண்டாவது குழந்தை. விசாவுக்காக இடையில் ஊர்ப்பக்கம் வருவதாக இருந்தபோதும், குழந்தைக்கு அம்மை என்று தள்ளிப்போயிற்று. யாரும் யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. வருஷங்கள்தான் போயின.

அங்கே வெள்ளிக்கிழமை லீவு. ஆகவே ஜெரால்டுக்கும் வெள்ளிதான் ஞாயிறு. வீடியோ போட்ட போனை எதிரே தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு, சைடுபோர்டுக்கு முன்னால், அதற்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டு உட்காருவார். அவள் போன புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை. விரிப்பின் மேல் டார்ச் லைட், டெஸ்டர், பிளாஸ்க், பாதி தின்ற பன் எல்லாம் கிடந்தன. பேரக்குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த பிரிசில்லா திடுக்கென்று நிமிர்ந்தாள்.

"ஏங்க! பின்னால இன்னா அது? என் லேஸ் மேல டெஸ்டரா?"

"சும்மா வெச்சேன் பிரிசி."

"சும்மாவா? மொதல்ல எடுங்க. பன்னை எடுங்க, எறும்பு வரும். அந்தத் தண்டை வலது பக்கம் தள்ளுங்க. இன்னும் கொஞ்சம் அந்தாண்ட. ஐயோ, அவ்ளோ இல்ல, இந்தாண்ட வாங்க."

ஜெரால்டு எழுந்து தள்ளினார், நகர்த்தினார், துடைத்தார். சைடுபோர்டுக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியில் அவருடைய பின்தலையைப் பார்த்துவிட்டு முடி வெட்டிக்கொள்ளாததற்கும் சேர்த்துத் திட்டினாள். குழந்தை தூங்கியே போய்விட்டது, பேச்சு முடியவில்லை. அவ்வளவு நேரம் அவர்கள் அதற்கு முன் போனில் பேசியதில்லை.

அடுத்த வாரம் அவள் சொன்னபடியே எல்லாவற்றையும் அழகாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிரிசில்லா ஒரு பார்வை பார்த்தாள். "ம்ம், சரி. சாப்ட்டீங்களா? குழந்தை அழுவுது, வெச்சிடட்டுமா?"

அன்றைக்குத்தான் ஜெரால்டுக்கு விஷயம் பிடிபட்டது.

அதன்பிறகு அவர் அந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். எது சரி என்று தெரிந்தால்தானே தப்பாக வைக்க முடியும்? வியாழக்கிழமை சாயங்காலம் பட்டறையை மூடிவிட்டுக் கையை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிக்கொண்டு வருவார். உப்புக்காற்றில் பித்தளை பச்சை பூக்காமல் இருக்க, காயிலுக்குப் பூசுகிற வார்னிஷையே தண்டுகளுக்கும் மெல்லிசாகப் பூசினார். சவுக்குத் தோப்பிலிருந்து பச்சைக்கிளை ஒடித்து வந்து கண்ணாடிக் குடுவையில் வைத்தார். குருத்தோலைச் சிலுவையைக் கல்யாணப் படத்துக்குப் பின்னால் செருகினார். எல்லாம் பிரிசில்லா வைத்தது போலவே அமைந்ததும் சற்று நேரம் எதிரே உட்கார்ந்திருப்பார். விடிந்ததும் ஒன்றிரண்டைக் கெடுப்பார். ஒரு வாரம் தட்டுகள் அடுக்காக இருக்கும். ஒரு வாரம் விரிப்பு கோணலாகத் தொங்கும். அவள் கண்டுபிடிப்பாள், அதட்டுவாள், அவர் ஒன்றும் தெரியாதவர் போல "இப்டியா? இப்டியா?" என்று நகர்த்துவார்.

இரண்டாவது பேத்தி நடக்கத் தொடங்கியபோது அந்த அதட்டல் குறைந்தது. போன் பெரும்பாலும் குழந்தைகளின் கையில் இருந்தது. பிரிசில்லாவின் தோளோ, அடுக்களைக் குழாயோதான் தெரியும். ஒயர் தொங்கியதை அவள் பார்க்கவில்லை. தண்டுகள் ஒரே பக்கம் நின்றதையும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் ஜெரால்டு பட்டறையிலிருந்து ஒரு மோட்டாரையே தூக்கிக்கொண்டு வந்து, கிரீஸோடு, லேஸ் விரிப்பின் நடுவில் வைத்தார்.

"மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள் பிரிசில்லா.

"போட்டேன்."

"வெயில்ல அலையாதீங்க. இந்தா, தாத்தாவுக்கு டாட்டா சொல்லு."

மோட்டார் அங்கேயே இருந்தது. அதற்குச் சொந்தக்காரர் சேட்டு, இறைப்பு நின்றுபோன கவலையில் தேடிக்கொண்டு வந்து கூடத்தில் எட்டிப் பார்த்தார்.

"ஏம்பா ஜெரால்டு, எம் மோட்டாருக்கு இன்னா, பூசையா போடுற?"

"இல்லண்ணா. சும்மா."

சேட்டு மோட்டாரைப் பார்த்தார், மெழுகுதிரித் தண்டுகளைப் பார்த்தார், கண்ணாடியில் தெரிந்த ஜெரால்டைப் பார்த்தார். "சாப்புட்டியா?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டார். லேஸில் கிரீஸ் கறை தங்கிவிட்டது. எத்தனை சோப்பு போட்டும் போகவில்லை.

சித்திரையில் பிரிசில்லாவின் தம்பி கிளியனூரில் புதுவீடு கட்டி முடித்தார். ஃபாதரை அழைத்து வீட்டை மந்திரிக்க அக்கா இல்லாமல் எப்படி என்று அவரே டிக்கெட் எடுத்து அனுப்பினார். பத்து நாள், ரிட்டர்ன் டிக்கெட்டோடு.

ஜெரால்டு முடி வெட்டிக்கொண்டார். கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார். சைடுபோர்டின் கதவுகளுக்கு எண்ணெய் போட்டார். கறை தெரியாதபடி விரிப்பைத் திருப்பிப் போட்டார். தட்டு, தண்டு, படம், விளக்கு எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. தப்பு ஏதாவது வைப்பதா வேண்டாமா என்று அவருக்கு முடிவு கட்ட முடியவில்லை. அவள் நேரில் வரும்போது எல்லாம் சரியாக இருக்கட்டும் என்று விட்டார். ஆனாலும் மனசு கேட்காமல் விடிகாலையில் எழுந்து, பஜாரில் வாங்கி ஒளித்து வைத்திருந்த சிவப்பு பிளாஸ்டிக் ரோஜாக்களை எடுத்துவந்து, சவுக்குக் கிளையைப் பிடுங்கிவிட்டு, நடுவில் செருகினார். பிளாஸ்டிக் பூவைக் கண்டால் பிரிசில்லாவுக்கு ஆகவே ஆகாது. சொந்தக்காரர் வீட்டில் இருந்தால்கூட முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள்.

கார் வந்து நின்றது. பெட்டிகளை ஜெரால்டு திண்டாடி உள்ளே இழுத்தார். பிரிசில்லா கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். செருப்பை வாசலில் நேராக விட்டுவிட்டு, தோளில் பையோடு கூடத்தின் நடுவில் வந்து நின்று சுற்றிப் பார்த்தாள்.

"வூட்டை நல்லா வெச்சிருக்கீங்களே."

ஜெரால்டு சைடுபோர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவள் கண் தட்டுகளின் மேல் போயிற்று, பூவின் மேல் போயிற்று, கடந்து சென்றது. அவராகவே கேட்டுவிட்டார்.

"பூவு எப்டி?"

"நல்லாத்தான் இருக்குது. கலர் எடுப்பா இருக்குது."

"பிளாஸ்டிக்கு."

"தெரியுதே. இருக்கட்டும். தனி ஆளு, தெனம் தண்ணி மாத்திக்கிட்டா இருக்க முடியும்?" சொல்லிவிட்டு அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பையின் வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். "ஏங்க, இந்தப் பைய எங்க வெக்கட்டும்?"

அந்த வீட்டில் எந்தச் சாமான் எங்கே என்று அத்தனை வருஷமும் சொன்னவள் அவள்தான். ஜெரால்டின் நாற்காலி எங்கே என்பது வரைக்கும்.

பூக்குடுவையை எடுத்துத் தரையில் வைத்தார். தண்டுகளை எடுத்தார். விளக்கை ஒயரோடு சுருட்டி எடுத்தார்.

"ஐயோ, எதுக்குங்க அதெல்லாம்? நான் சேர் மேல வெச்சுக்கறேன்."

அவர் நிறுத்தவில்லை. தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். கல்யாணப் படத்தை இறக்கிச் சுவரில் சாய்த்தார். லேஸ் விரிப்பை மடித்து அதன்மேல் போட்டார். சாமானெல்லாம் தரையில் கிடந்தது. தேக்கு வெறுமையாக, நீளமாகக் கிடந்தது. ஜெரால்டு வேட்டி முனையை எடுத்து ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் அதைத் துடைத்தார். பிறகு பையோடு நின்ற அவளுக்கு வழிவிட்டு விலகி, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.